46 வயதில் 4 மணி நேர மாரத்தான்: பர்ன்அவுட்டிலிருந்து எழுந்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முயற்சியில் நான் 14-ஆவது வாரத்தைத் தாண்டவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரு வலி. ஓடினால் சரியாகிவிடும் என்று பத்து நாள் அதன் மேலேயே ஓடினேன். எம்.ஆர்.ஐ. பார்த்த மருத்துவர், எலும்பில் விரிசல் விழுவதற்கு முந்தைய நிலை இது, எட்டு வாரம் ஓடவே கூடாது என்றார். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது என் கணவர் சொன்னார்: "ஆபீஸ்ல பண்ணினதையேதான் இப்ப ரோட்லயும் பண்ணிட்டு இருக்க."

அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 43 வயதில், சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இரவு 11 மணிக்கு அலுவலகப் போன் அழைப்பு, விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு, திங்கட்கிழமை என்றாலே வயிற்றில் ஒரு கனம். வேலை அழுத்தம் உடம்பையும் மனசையும் வடித்துவிடும் இந்த நிலைக்குத்தான் பர்ன்அவுட் என்று பெயர். அதிலிருந்து மீள ஓட ஆரம்பித்தேன். ஆனால் எந்தக் குணம் என்னை அங்கே கவிழ்த்ததோ, அதே குணத்தோடு மாரத்தான் பயிற்சியில் இறங்கினேன். எக்செல் ஷீட், தினசரி இலக்கு, ஒரு நாள் விட்டாலும் குற்ற உணர்ச்சி.

இரண்டாவது முறை, 46 வயதில், சென்னையில் 3 மணி 58 நிமிடத்தில் முடித்தேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது முறையைப் பற்றியது. வேகமாக ஓடுவது எப்படி என்பதை எங்கும் படித்துக்கொள்ளலாம். பெரிய இலக்கு ஒன்றை வைத்துக்கொண்டு, அதை இரண்டாவது அலுவலகமாக ஆக்காமல் இருப்பது எப்படி என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

படி 1: ஓடுவதற்கு முன் உடம்பைக் கேளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தியெல்லாம் வடிந்துபோன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இந்த மூன்றும் இன்னும் முழு அளவில் இருக்கும்போது மாரத்தான் பயிற்சி தொடங்காதீர்கள். பயிற்சியும் உடம்புக்கு ஒரு அழுத்தம்தான். அலுவலக அழுத்தம், ஓட்ட அழுத்தம் என்று உடம்பு தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை.

நான் பார்த்த அளவில் தயாரா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. ஒரு மாதம் தினமும் 40 நிமிடம் நடங்கள். கையில் வாட்ச் வேண்டாம், போன் வேண்டாம். மாதக் கடைசியில் தூக்கம் சீராகியிருந்தால், நடந்து முடித்ததும் பசியும் கொஞ்சம் உற்சாகமும் வந்தால், அடுத்த படிக்குப் போகலாம். நடையே பாரமாக இருந்தால், காலையில் எழவே மனமில்லை என்றால், அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். தயக்கமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி). மூன்று வருடம் "மனசு சோர்ந்துபோச்சு" என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருக்க முடியும். மாதவிடாய் நிற்கப் போகும் வயதில் ரத்தப்போக்கு அதிகமாகும் பெண்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் முழு, அரை மாரத்தான் ஓட்டங்களை வைத்து 2012-இல் வெளியான பெரிய ஆய்வில், ஏறத்தாழ 1,84,000 பேருக்கு ஒருவருக்கே ஓட்டத்தின்போது இதயம் நின்றது தெரியவந்தது. பயப்படும் அளவு எண் இல்லை. ஆனால் நம் தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முந்தியே வருகிறது. 40 தாண்டியவர்கள், குறிப்பாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் மாரடைப்பு என ஏதாவது இருப்பவர்கள், மருத்துவரிடம் கேட்டு ஈ.சி.ஜி., எக்கோ, தேவையென்றால் டிரெட்மில் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

படி 2: இலக்கைத் தேதியோடு சேர்த்து எழுதுங்கள், தேதியைத் தள்ளி வையுங்கள்

மாரத்தான் தூரமான 42.195 கி.மீ.யை 4 மணி நேரத்துக்குள் முடிக்க கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேண்டும். நடுவயதில் தொடங்கும் ஒருவருக்கு இது பெரிய இலக்குதான். உங்கள் இலக்கு நாலரை மணி நேரமானால் 6:24, மூன்றே முக்கால் என்றால் 5:20. தகுதி நேரம் கேட்கும் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓட வேண்டும் என்று கனவு காண்பவர்களுக்கு 2026 ஓட்டத்திலிருந்து விதி இறுகிவிட்டது: 45–49 வயதுப் பெண்களுக்கு 3 மணி 45 நிமிடம், ஆண்களுக்கு 3 மணி 15 நிமிடம்.

பெரிய இலக்கு வைக்காதே, சும்மா ஆரோக்கியத்துக்கு ஓடு என்று சொல்பவர்கள் நிறைய. நான் அதை ஏற்கவில்லை. பர்ன்அவுட் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது ஆசைப்படும் திறனைத்தான். ஒரு எண்ணின் மேல் மறுபடி ஆசை வந்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆசையைக் குறைக்க வேண்டாம். காலத்தை நீட்டுங்கள். 5 கி.மீ. கூட ஓடாதவர் என்றால் இரண்டு வருடம். ஏற்கெனவே 10 கி.மீ. ஓடுகிறவர் என்றால் 14 முதல் 18 மாதம்.

இடையில் இரண்டு சோதனைச் சாவடிகள். 10 கி.மீ.யை 52 நிமிடத்துக்குள், அரை மாரத்தானை 1 மணி 53 நிமிடத்துக்குள். கணக்குச் சூத்திரங்கள் அரை மாரத்தானுக்கு 1:55 போதும் என்று சொல்லும். வாரம் 60 கி.மீ.க்கு மேல் ஓட முடியாத நம்மைப் போன்றவர்களுக்கும் நம் ஊர் ஈரக்காற்றுக்கும் அது போதாது. இந்த எண்கள் வரவில்லையென்றால் அந்த வருடம் இலக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தை விட வேண்டியதில்லை.

படி 3: வாரத்துக்குப் பத்து மணி நேரம் எங்கிருந்து வரும்?

பயிற்சித் திட்டங்கள் எதிலும் இந்தக் கேள்வி இருப்பதில்லை. என் முதல் முயற்சி உடைந்தது இங்கேதான்.

உச்ச வாரங்களில் 55–60 கி.மீ. ஓட்டம் ஆறரை மணி நேரம் எடுக்கும். பலப் பயிற்சி ஒன்றரை மணி. கிளம்புவது, கடற்கரைக்குப் போய் வருவது, குளியல், சனிக்கிழமை இரவு சீக்கிரம் படுப்பது எல்லாம் சேர்த்தால் பத்து மணியைத் தாண்டும். இந்த நேரம் ஏற்கெனவே நிரம்பிய வாரத்துக்குள் தானாக முளைக்காது. எதிலிருந்தாவது கழிக்க வேண்டும். முதல் முறை நான் தூக்கத்திலிருந்து கழித்தேன். 4:15-க்கு அலாரம், இரவு 11:30-க்குப் படுக்கை. அந்தக் கணக்கில்தான் எலும்பு உடைய வந்தது.

இரண்டாவது முறை ஒரு தாளை எடுத்துக் குடும்பத்தோடு உட்கார்ந்தேன். வாரத்தில் மூன்று நாள் காலைச் சமையல் கணவரிடம் போனது. ஞாயிறு டிபன் வெளியிலிருந்து. புது வேலையில் செவ்வாய், வியாழன் இரவுப் போன் அழைப்புகளுக்கு வர மாட்டேன் என்று சேரும்போதே சொல்லிவிட்டேன். மாமியார், "காலங்காத்தால பொம்பளப்புள்ள தனியா இருட்டுல ஓடணுமாம்மா?" என்று கேட்டார். அவர் கவலையில் நியாயம் இருந்தது. அதனால் இருட்டு நாட்களில் குழுவோடு மட்டும் ஓடினேன். சென்னையில் பேட்டைக்குப் பேட்டை ஓட்டக் குழுக்கள் இருக்கின்றன. பெசன்ட் நகர், மெரினா, திருவான்மியூர் பக்கம் விடியற்காலையில் போய் நின்றாலே ஆட்கள் தென்படுவார்கள்.

தாளில் பத்து மணி நேரம் தேறவில்லையென்றால் பயிற்சியைத் தொடங்காதீர்கள். ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால், ஆறு மணி நேரத்துக்கு ஏற்ற இலக்கை இந்த வருடத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஆறு மாதம் மெதுவாக

பிரிட்டனில் பிறந்து கனடாவில் குடியேறிய எட் விட்லாக் என்பவர், இளமையில் ஓடி, பிறகு பல வருடம் விட்டுவிட்டு, 40-களில் திரும்ப வந்தார். 48 வயதில் 2:31 ஓடினார். 2004-இல், 73 வயதில், டொராண்டோவில் 2:54:48. அவருடைய பயிற்சி பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்தில் மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓடுவது. அவரைப் போல மூன்று மணி நேரம் தினமும் ஓட நம்மால் ஆகாது. ஆனால் மெதுவாக ஓட வெட்கப்படாத அந்த மனசு வேண்டும்.

முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். 4 மணி நேர இலக்கு உள்ளவருக்கும் அடித்தள ஓட்டம் கிலோமீட்டருக்கு 6:45, 7:15, வெயில் காலத்தில் 7:30 கூட ஆகலாம். இதயத் துடிப்பு பார்ப்பவர்களுக்கு: 208-லிருந்து உங்கள் வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு உத்தேசமாக வரும். 46 வயதுக்கு 176. அதில் 75 சதவீதம், அதாவது 132-ஐ ஒட்டியே பெரும்பாலான ஓட்டம் இருக்கட்டும். சூத்திரம் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு வரை தவறலாம் என்பதால், பேச்சுச் சோதனையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

புதியவர்கள் 2 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடந்து தொடங்குங்கள். வாரம் நான்கு நாள். மூன்று வாரம் கொஞ்சம் கூட்டி, நான்காவது வாரம் குறையுங்கள். ஆறு மாதத்தில் வாரம் 35 கி.மீ. வசதியாக வந்துவிட்டால் அடித்தளம் போட்டாயிற்று.

கூடவே வாரம் இரண்டு நாள், 40 நிமிடம் பலப் பயிற்சி. நடுவயதில் தசை தானாகவே கரைகிறது, பெண்களுக்கு எலும்பும். ஸ்குவாட், ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்துதல், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), பிளாங்க் (முழங்கைகளை ஊன்றி உடம்பை நேராகத் தாங்குவது). குதிகால் உயர்த்துதலை முழங்காலை நீட்டியும் மடக்கியும் செய்யுங்கள். கெண்டைக்காலில் இரண்டு தசைகள் இருக்கின்றன, இரண்டுக்கும் வேலை வேண்டும். எடையைப் படிப்படியாகக் கூட்டாவிட்டால் பயனில்லை.

படி 5: இருபது வாரம், ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை

சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் வருகிறது. அதற்கான பயிற்சி ஆகஸ்ட் பின்பாதியில் தொடங்கும். இந்தக் காலவரிசை நமக்குச் சாதகம்: புழுக்கத்தில் அடித்தளம், ஐப்பசி மழையில் நடுப்பகுதி, மார்கழிக் குளிரில் உச்சம். ஆகஸ்டில் உங்கள் வேகத்தைப் பார்த்து மனம் உடையாதீர்கள். வியர்வை காயாத காற்றில் அதே உழைப்புக்கு எனக்குக் கிலோமீட்டருக்கு 20, 30 விநாடி கூடிவிடும். டிசம்பரில் அது தானாகத் திரும்பி வரும்.

ஞாயிறு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்) வரிசை, நான் செய்தபடி, கிலோமீட்டரில்:

1–4 வாரம்: 16, 18, 20, 14
5–8: 20, 22, 24, 16
9–12: 24, 26, 28, 18
13–16: அரை மாரத்தான் சோதனை, 28, 30, 20
17–20: 32, 22, 16, மாரத்தான்

செவ்வாய் 8–10 கி.மீ. மெதுவாக. வியாழன் மட்டும் வேகம்: முதல் எட்டு வாரம் 5:15–5:25 வேகத்தில் 20 நிமிட டெம்போ (ஒரே சீராக, கொஞ்சம் கடினமாக ஓடுவது), மெல்ல 35 நிமிடம் வரை. பிறகு ஒரு வாரம் டெம்போ, மறு வாரம் 5 நிமிட வேகத்தில் 1 கி.மீ. இன்டர்வெல் (நடுநடுவே இளைப்பாறி ஓடும் வேக ஓட்டம்) ஐந்து. வெள்ளி அல்லது சனி 6–10 கி.மீ. மிக மெதுவாக. வேக ஓட்டம் வாரத்துக்கு ஒன்றுதான். 25 வயதுக்காரர் இரண்டு செய்வார். நாம் இரண்டாவதைச் செய்தால் ஞாயிறு கெடும். 14-ஆவது வாரத்திலிருந்து லாங் ரன்னின் கடைசிப் பகுதியை மாரத்தான் வேகத்தில் ஓடுங்கள்: 28-இல் கடைசி 8, 30-இல் கடைசி 12. 32 முழுக்க மெதுவாக.

மழை நாளில் தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடாதீர்கள். திறந்த மூடிகளும் அறுந்த மின்கம்பிகளும் கண்ணுக்குத் தெரியாது. விடுபட்ட ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடவும் வேண்டாம். தீபாவளி வாரத்தில் இரண்டு ஓட்டம் விடுபட்டால் விடுபட்டதுதான்.

படி 6: பழைய வியாதி திரும்புகிறதா?

இந்தப் பகுதியைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் படிக்கட்டும் என்று.

காலை எழுந்ததும் துடிப்பு வழக்கத்தைவிட 7, 8 கூடி மூன்று நாள் நீடித்தால். விடியற்காலை 3 மணி விழிப்பு வாரத்தில் இரண்டு முறை வந்தால். குழந்தை கேள்வி கேட்டால் எரிந்து விழுந்தால். ஓட்டம் முடிந்ததும் மகிழ்ச்சிக்கு முன்னால் வாட்சின் எண்ணைப் பார்த்து ஏமாற்றம் வந்தால். ஓய்வு நாளில் குற்ற உணர்ச்சி வந்தால். மாதவிடாய் எதிர்பாராமல் தவறினால், அது வயது மட்டும்தான் என்று நானாக முடிவு கட்டாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். உண்பது போதாதபோதும் நிற்கும்.

இவற்றில் ஒன்று இருந்தால் அந்த வாரம் வியாழன் வேக ஓட்டம் இல்லை. இரண்டு இருந்தால் ஐந்து நாள் ஓட்டமே இல்லை, நடை மட்டும். யார் முடிவு செய்வது என்பதுதான் முக்கியம். நான் முடிவு செய்யக் கூடாது. பர்ன்அவுட் ஆனவருக்குத் தன் களைப்பைத் தானே அளக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நிலைக்கே போயிருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அந்த அதிகாரத்தை கணவரிடம் கொடுத்தேன். 11-ஆவது வாரத்தில் அவர் ஒருமுறை பயன்படுத்தினார். கோபம் வந்தது. ஆறாவது நாள் ஓடப் போனபோது கால்கள் புதிதாக இருந்தன.

ஓட்டங்களைப் பதிந்து பகிரும் செயலியான ஸ்ட்ராவாவில் என் ஓட்டங்களை யாரும் பார்க்காதபடி மறைத்துவிட்டேன். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய காலை, அட்டவணையில் என்ன இருந்தாலும் ஓடவில்லை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கும் எலும்பு வலி இருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். தசை வலி பரவலாக இருக்கும், எலும்பு வலி ஒரு புள்ளியில் நிற்கும்.

படி 7: சாப்பாடு, தண்ணீர், உப்பு

எடை குறைப்பதையும் மாரத்தான் பயிற்சியையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம். 60 கிலோ எடையுள்ள சைவக்காரருக்கு இது எளிதல்ல; பருப்பு, சுண்டல், தயிர், பனீர், சோயா எல்லாம் தினமும் திட்டமிட்டுச் சேர்க்க வேண்டும். ஓடுவதற்கு முன் ஒரு வாழைப்பழம். லாங் ரன் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இட்லியும் முட்டையும், அல்லது பொங்கலும் ஒரு கிண்ணம் சுண்டலும்.

ஓட்டத்தின்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 60 கிலோ உடம்பு 42 கி.மீ.க்கு ஏறத்தாழ 2,500 கலோரி எரிக்கிறது. சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்து அவ்வளவுக்குத் தாங்காது. 30-ஆவது கி.மீ.க்கு மேல் கால் கல்லாகிப்போவதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஓட்டக்காரர்கள் சாப்பிடும் இனிப்புக் கூழான ஜெல் ஒன்றில் பொதுவாக 20–25 கிராம். அரை மணிக்கு ஒன்று. இதையும் பயிற்சியில் பழக்க வேண்டும். வயிறும் ஒரு தசை மாதிரிதான், ஓடிக்கொண்டே செரிக்கக் கற்றுக்கொள்ளும்.

இளநீரை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், நாம் வியர்வையில் இழக்கும் சோடியம் குறைவு. ஓடி முடித்து இளநீர் குடியுங்கள், ஓடும்போது ஓ.ஆர்.எஸ். கரைசல், அல்லது உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கே அந்த அபாயம் அதிகம். தாகத்துக்குக் குடியுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், சிறுநீரகம் தாங்காது.

படி 8: அந்த நாள்

கடைசி மூன்று வாரம் தூரம் குறைகிறது. உடம்பு முழுக்கப் புதுப் புது வலிகள் வருவதுபோல் தோன்றும், பெரும்பாலும் பதற்றம்தான். வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள்.

பந்தயம் விடியுமுன்னரே தொடங்கும், அதனால் இரண்டு வாரம் முன்பிருந்தே 9 மணிக்குப் படுத்துப் பழகுங்கள். முந்தின நாள் இரவு 7 மணிக்குள் இட்லி அல்லது தயிர் சாதம். புது ஷூ, புது உடை, புது ஜெல் எதுவும் வேண்டாம்.

உங்கள் வாட்ச் 42.195 காட்டாது. வளைவுகளில் விலகி விலகி ஓடுவதால் 42.5 வரை காட்டும். அதனால் வாட்சில் 5:41 ஓடினால் 4 மணியைத் தவறவிடுவீர்கள். 5:38 ஓடுங்கள். 10 கி.மீ.யில் 56:20, பாதியில் 1:59-ஐ ஒட்டி, 30-இல் 2:49. முதல் 5 கி.மீ.யில் கூட்டம் வேகமாக இழுக்கும், போகாதீர்கள். அங்கே மிச்சம் பிடிக்கும் அரை நிமிடத்தை 38-ஆவது கிலோமீட்டரில் பல நிமிடங்களாக இழப்பீர்கள்.

மூன்று இலக்குகளோடு போங்கள். நல்ல நாளாக அமைந்தால் 4 மணிக்குள். காற்று கனத்திருந்தால் 4:10. வயிறோ காலோ மக்கர் செய்தால் நடந்தாவது முடிப்பது. நெஞ்சில் வலி, தலைசுற்றல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது என ஏதாவது வந்தால் நான்காவது ஒன்று உண்டு: மருத்துவக் கூடாரத்தில் உட்கார்ந்துவிடுவது.

எனக்கு 34-ஆவது கிலோமீட்டரில் 5:38 கையை விட்டுப் போனது. 5:50, 5:55. முதல் வருடத்து நானாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துத் திரும்ப 5:38-க்குத் தள்ளியிருப்பேன். அன்று செய்தது வேறு: அந்தக் கிலோமீட்டரை 6 நிமிடத்துக்கு விட்டேன், தண்ணீர் மேசையில் நின்று குடித்தேன், உப்பு எடுத்துக்கொண்டேன். 36-இல் கால்கள் திரும்பி வந்தன. கடைசி ஐந்தும் 5:35-ஐ ஒட்டியே போயின.

படி 9: முடிந்த பிறகு இரண்டு மாதம்

இரண்டு வாரம் ஓடவே கூடாது. அடுத்த ஆறு வாரம் அட்டவணை இல்லாமல், தோன்றும்போது மட்டும். அடுத்த பந்தயத்துக்கு இந்த இரண்டு மாதத்தில் பணம் கட்டாதீர்கள். பெரிய இலக்கு முடிந்ததும் ஒரு வெறுமை வரும். அந்த வெறுமையில்தான் நான் அலுவலகத்தில் ஒவ்வொரு முறையும் அடுத்த புராஜெக்டைக் கேட்டு வாங்கினேன்.

பதக்கம் அலமாரியில் இருக்கிறது. மாரத்தான் முடிந்த மூன்றாவது ஞாயிறு காலை 7:30 வரை தூங்கினேன். எழுந்து வந்தபோது மாமியார் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு, "இன்னிக்கு ஓடலியாம்மா?" என்றார். "இல்லத்தே" என்றேன். காபி போட்டு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து குடித்தோம்.